பழுதடைந்த காரைக் கயிறு கட்டி இழுத்தல்: சட்டமும் பாதுகாப்பும்

வீதியில் நின்றுவிட்ட காரை, உறவினர் அல்லது அயலவர் ஒருவரின் காரில் கயிறு கட்டி வீட்டுக்கோ கராஜுக்கோ இழுத்துச் செல்வதை இந்நாட்டுச் சட்டம் தடைசெய்யவில்லை. எனினும் அதனை எவரும் எவ்வாறும் செய்யலாம் என்று சட்டம் விட்டுவிடவுமில்லை. இலண்டனில் வாழும் நம்மவரிடையே மீட்புச் சேவையை அழைப்பதிலும் மைத்துனரை அழைப்பதே வழக்கம். மீட்பு வாகனத்துக்கான கட்டணமும், நின்ற இடத்தில் தரிப்புத் தண்டம் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் அதற்குக் காரணங்கள். அவசரத்தில் எடுக்கப்படும் அம்முடிவு பல வேளைகளில் பிழையின்றி முடிந்துவிடுகிறது. பிழைக்கும் வேளையில் அதன் விலை ஒரு பம்பரோடு நிற்பதில்லை. ஆகவே கயிற்றைக் கையில் எடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே தரப்படுகின்றன.

பின்னால் இருப்பவரும் சாரதியே

முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது, இழுக்கப்படும் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் சட்டநிலை. எஞ்சின் ஓடவில்லை, கார் தானாக நகரவில்லை, எனவே அவர் வெறும் பயணி என்று பலர் எண்ணுகின்றனர். நீதிமன்றம் அவ்வாறு எண்ணவில்லை. வாகனம் செலுத்தத் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்த ஒருவர், கயிற்றால் இழுக்கப்பட்ட காரின் சாரதி ஆசனத்தில் அமர்ந்திருந்த வழக்கொன்று 1980இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவர் கையிலும் காலிலும் இருந்தமையால் அவர் வாகனத்தைச் ‘செலுத்தினார்’ என்றே மன்றம் கொண்டது. காரின் செல்திசையையும் இயக்கத்தையும் கட்டுப்படுத்துவதே செலுத்துதலின் சாரம். அதனை நகர்த்தும் வலு எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாம்பட்சம்.

இதிலிருந்து பெறப்படும் விளைவுகள் பல. பின்காரில் அமர்பவரிடம் அவ்வகை வாகனத்துக்குரிய முழுமையான சாரதி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். மது அருந்தியவர் அங்கே அமரலாகாது. விருந்திலிருந்து திரும்பும் வழியில் கார் நின்றுவிட, நிதானமாக உள்ளவர் முன்காரையும் மற்றவர் பின்காரையும் எடுப்பது பொதுவான தவறு. அது மது அருந்தி வாகனம் செலுத்திய குற்றமாகவே பார்க்கப்படும். கையில் தொலைபேசியைப் பிடித்து முன்காரில் உள்ளவரோடு பேசிக்கொண்டு வருவதும் அவ்வாறே. கையில் பிடித்த தொலைபேசிக்கு உரிய 200 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும் இழுக்கப்படும் காரில் இருப்பவருக்கும் பொருந்தும். தற்காலிக அனுமதிப்பத்திரத்தோடு கார் பயிலும் மகனோ மகளோ முன்காரைச் செலுத்தி இன்னொரு வாகனத்தை இழுக்க அனுமதியில்லை. பின்காரிலும் அவர்களை இருத்தாதிருப்பதே முறை. அனுபவமுள்ள சாரதிக்கே அந்த ஆசனம் கடினமானது.

காப்புறுதியையும் அதே கண்கொண்டு நோக்க வேண்டும். தனியார் கார்க் காப்புறுதிகள் பலவற்றில், பழுதடைந்த ஒரு வாகனத்தை இழுப்பதற்கு இடம் உண்டு. கூலி பெற்று இழுத்தால் அந்தப் பாதுகாப்பு பொதுவாக விலகிவிடும். உடன்படிக்கைப் பத்திரத்தில் இழுத்தல் பற்றிய வாசகத்தைத் தேடிப் படித்தபின் முடிவெடுப்பது நன்று. வீதிப் பயன்பாட்டிலிருந்து விலக்கியதாக அறிவிக்கப்பட்டு, அதாவது ‘சோர்ன்’ செய்யப்பட்டு, மாதக்கணக்கில் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரை, ‘இழுத்துத்தானே செல்கிறோம்’ என்று பொதுவீதிக்குக் கொண்டுவருவது வேறு விடயம். அது வழியில் பழுதடைந்த காரன்று. அதற்குரிய இடம் மீட்பு வாகனத்தின் தட்டு.

நாலரை மீற்றர்

1986ஆம் ஆண்டின் வீதி வாகனங்கள் அமைப்பும் பயன்பாடும் பற்றிய ஒழுங்குவிதிகளின் 86ஆம் விதி, கயிற்றாலோ சங்கிலியாலோ இழுக்கும்போது இரு வாகனங்களுக்கும் இடையிலான தூரம் 4.5 மீற்றரை விஞ்சலாகாது என்கிறது. விதி அளப்பது கயிற்றின் நீளத்தை அன்று, வாகனங்களுக்கு இடையிலான வெளியை. கடையில் வாங்கிய கயிறு ஐந்து மீற்றராக இருந்து, கொளுக்கிகள் இரண்டும் பம்பருக்கு உள்ளே தள்ளி அமைந்தால் வெளி குறையலாம். எனவே கட்டிய பின் கயிறு இறுகிய நிலையில் அளந்து பார்க்க வேண்டும். வெளி 1.5 மீற்றருக்கு மேற்பட்டால், இரு பக்கங்களிலிருந்தும் வருவோர் கயிற்றை இலகுவில் கண்டுகொள்ளும்படி செய்வதும் கட்டாயம். நடுவில் பளிச்சென்ற நிறத்துணி ஒன்றைக் கட்டுவது இதற்காகவே. நின்றிருக்கும் இரு கார்களுக்கு இடையே வழி இருக்கிறதென்று எண்ணி நடந்துவிடும் பாதசாரியையும், இடையில் நுழைய முயலும் துவிச்சக்கர வண்டியோட்டியையும் நினைத்தால் இவ்விதியின் தேவை விளங்கும்.

வேகம் பற்றிய அறிவுரை பெரும்பாலும் மணிக்கு 15 மைல் என்று கூறப்படுகிறது. காரணம் கூறப்படாத எண் என்பதால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காரணம் வீதி விதிக்கோவையான ஹைவே கோட்டிலேயே மறைந்திருக்கிறது. சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் கார் கடக்கும் தூரத்தை அக்கோவை ‘சிந்திக்கும் தூரம்’ என்கிறது. மணிக்கு 20 மைல் வேகத்தில் அது 6 மீற்றர். 30 மைலில் 9 மீற்றர். இதே விகிதத்தில் 15 மைலுக்குக் கணக்கிட்டால் 4.5 மீற்றர் வருகிறது. சட்டம் அனுமதிக்கும் வெளி முழுவதும் அவ்வளவுதான். 30 மைல் வேகத்தில் முன்கார் சடுதியாக நிறுத்தினால், பின்னால் இருப்பவரின் கால் பிரேக்கை அடையுமுன்னரே அவரது கார் கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரம் ஓடியிருக்கும். முன்காரும் உடனே நின்றுவிடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் எஞ்சியிருக்கும் இடைவெளி மிகச் சிறிது.

எனவே பின்சாரதி முன்காரின் பிரேக் விளக்கை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது. முன்காரின் கண்ணாடியூடாகவும் பக்கவாட்டாகவும் அதற்கு அப்பாலுள்ள வீதியைப் பார்த்து, சிவப்பு விளக்கு, பஸ் தரிப்பிடம், பாதசாரிக் கடவை ஆகியவற்றை முன்சாரதி காணும் கணத்திலேயே தாமும் காண வேண்டும். பிரேக் போடும் பொறுப்பில் பெரும்பகுதி அவருடையது. முன்சாரதி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும்போது பின்சாரதி மெதுவாகப் பிரேக்கை அழுத்தினால் கயிறு இறுக்கமாகவே இருக்கும், இரு கார்களும் ஒன்றாக நிற்கும். கயிறு தளர்ந்து தரையைத் தொட்டு, மீண்டும் வெடுக்கென்று இறுகுவதே அறுபடுவதற்கு முதற்காரணம். சமதரையில் சீராக உருளும் 1500 கிலோ காரை இழுக்க, ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரையான எடையைத் தூக்கும் விசை போதும். அதனாலேதான் இருவர் சேர்ந்து ஒரு காரைத் தள்ள முடிகிறது. தளர்ந்த கயிறு திடீரென இறுகும்போது எழும் விசை இதைப் பன்மடங்கு தாண்டிவிடும்.

எஞ்சின் ஓடாத காரின் பிரேக்

எஞ்சின் ஓடாதபோது பிரேக் வேலை செய்யாது என்பது முழு உண்மையன்று. பெரும்பாலான பெற்றோல், டீசல் கார்களில் காலின் விசையைப் பெருக்கித் தரும் உபகரணம் எஞ்சினிலிருந்து பெறும் வெற்றிடத்தால் இயங்குகிறது. எஞ்சின் நின்ற பின் அதில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தல்களுக்கே போதும். அதன்பின் பிரேக் மிதி கல்போல் இறுகும். கார் நிற்கும், ஆனால் முழு உடல்வலுவையும் காலில் செலுத்த வேண்டியிருக்கும். ஸ்டியரிங்கும் அவ்வாறே பாரமாகிவிடும். புறப்படுமுன், நின்ற நிலையிலேயே மிதியை நாலைந்து முறை அழுத்தி அந்தக் கடினத்தைக் காலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. உடல்நலம் குன்றியவர், காலிலோ முழங்காலிலோ வலி உள்ளவர் அந்த ஆசனத்துக்கு ஏற்றவர் அல்லர்.

திறப்பை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நேர்வீதியில் தெரியாது, முதல் வளைவில் தெரியும். ஆகவே திறப்பைத் திருப்பி, பூட்டு விடுபட்ட நிலையில் வைத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தித் தொடக்கும் கார்களில் பற்றரி முற்றாக இறந்திருந்தால் ஸ்டியரிங் பூட்டும் மின்சாரக் கைப்பிரேக்கும் விடுபடாமல் போகலாம்; அத்தகைய காரைக் கயிற்றால் இழுக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். பழுது பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ இருந்தாலும் அதுவே முடிவு.

கயிறு கட்டவே கூடாத கார்கள் இப்போது நம் வீதிகளில் பெருகிவருகின்றன. ஓட்டோமெட்டிக் கியர்ப்பெட்டிகள் பலவற்றில் எஞ்சின் ஓடினால் மட்டுமே உட்பகுதிக்கு எண்ணெய் பாயும். எஞ்சின் நின்றிருக்க சில்லுகள் மட்டும் சுழன்றால், நூறு பவுண் பழுது ஆயிரக்கணக்கான பவுண் பழுதாக மாறலாம். சில தயாரிப்பாளர்கள் குறைந்த வேகத்தில் குறுந்தூரத்துக்கு அனுமதிப்பர், சிலர் அறவே மறுப்பர். மின்சாரக் கார்களில் சில்லு சுழலும்போது மோட்டாரும் சுழன்று மின்னை உண்டாக்கும். ஆதலால் அவற்றைச் சில்லுகள் தரையில் படாதவாறு தட்டு வாகனத்தில் ஏற்றுவதே பொதுவான அறிவுறுத்தல். கலப்பின எஞ்சின் கார்களும் நாற்சில்லு இயக்கக் கார்களும் இதே எச்சரிக்கைக்கு உரியவை. மினிகேப் தொழிலில் உள்ள நம்மவர் பலர் கலப்பின எஞ்சின் கார்களையே வைத்திருக்கின்றனர் என்பதால் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. கையுறைப் பெட்டியிலுள்ள கைந்நூலில் இழுத்தல் பற்றிய பக்கமே இவ்விடயத்தில் இறுதிச் சொல்.

கயிறும் கொளுவிடமும்

இழுவைக் கயிற்றின் பொதியில் அது தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். அது இழுக்கப்படும் காரின் எடையை விட அதிகமாக இருத்தல் வேண்டும். காரில் உள்ள பொருட்களின் எடையும் அதில் அடங்கும். முன்கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதற்கும் அதன் கைந்நூலில் வரம்பு உண்டு. சிறிய காரைக் கொண்டு ஏழு ஆசன வாகனத்தை இழுக்க முயல்வோர், இழுப்பதைப் பற்றியே கவலைப்படுகின்றனர். நிறுத்துவதே உண்மையான சிக்கல். நைலோன் கயிறு சற்று நீண்டுகொடுத்து அதிர்வை உள்வாங்கும். சங்கிலி அவ்வாறு கொடுக்காது, ஒவ்வொரு வெட்டும் கொளுவிடத்துக்கே போய்ச்சேரும். துணி உலர்த்தும் கொடி, கூரையில் பொருள் கட்டும் பட்டி, முன்பொருமுறை அறுந்து முடிச்சிடப்பட்ட கயிறு ஆகியவை இதற்குரியவை அல்ல. முடிச்சு எந்தக் கயிற்றின் வலுவையும் குறைத்துவிடும்.

கொளுவிடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே பலர் தடுமாறுகின்றனர். தற்காலக் கார்களில் அது வெளியே தெரிவதில்லை. பம்பரில் ஒரு சிறு சதுர அல்லது வட்ட மூடி இருக்கும். டிக்கியின் அடியில், ஜாக் இருக்கும் இடத்தில் தடித்த இரும்பு வளையம் ஒன்று இருக்கும். மூடியை அகற்றி, வளையத்தை இறுதிவரை திருகி, சில்லுச் சாவியால் இறுக்க வேண்டும். பல கார்களில் அது இடப்பக்கமாக, அதாவது வழக்கமான திருகாணிக்கு எதிர்த்திசையில் இறுகும். வலப்பக்கம் திருப்பி ‘இறுகவில்லை’ என்று கைவிட்டு, கயிற்றைப் பம்பரிலோ சில்லுக்குப் பின்னாலுள்ள சட்டங்களிலோ கட்டுவோர் உண்டு. அவ்வாறு கட்டினால் பம்பர் கழன்று வரும், அல்லது ஸ்டியரிங் பாகங்கள் வளையும். பழைய கார் வாங்கும்போது அந்த வளையம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்ப்பவர் அரிது. முந்தைய உரிமையாளரோடு அது போயிருப்பது அரிதன்று.

கட்டும் நேரமே மிக ஆபத்தான நேரம். கட்டுபவர் இரு கார்களுக்கும் இடையில் குனிந்திருப்பார். இரண்டு கார்களிலும் கைப்பிரேக் போட்டு, முன்காரின் எஞ்சினை நிறுத்தி, அதன் சாரதி வெளியே வந்த பின்னரே அங்கே செல்ல வேண்டும். வீதி விதிக்கோவையின் 274ஆம் விதி, நின்ற காரின் எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுமாறும், மோட்டார்வே அல்லாத வீதிகளில் குறைந்தது 45 மீற்றர் பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைக்குமாறும் கூறுகிறது. இருட்டில் காரின் பின்புறத்தில் எவரும் நிற்கலாகாது. பின்விளக்குகளை அவரது உடலே மறைத்துவிடும். கயிறு இறுகத் தொடங்கிய பின் அதன் அருகில் பிள்ளைகள் உட்பட எவரும் நிற்க வேண்டாம். அறுந்த கயிற்றின் நுனியில் இரும்புக் கொளுக்கி இருக்கிறது.

வீதியில்

புறப்படும் முன் இருவரும் வழியைப் பேசிக்கொள்ள வேண்டும். குறுகிய வழியைவிட மேடு, ரவுண்ட்அபவுட், வலத்திருப்பம் குறைந்த வழி மேலானது. பயணிகளை, சிறப்பாகக் குழந்தைகளை, பின்காரில் ஏற்றாமல் முன்காரிலோ வேறு வாகனத்திலோ அனுப்புவது நன்று. முன்சாரதி முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கயிற்றை இறுக்கிய பின்னரே கார் அசைய வேண்டும். பின்கார் நியூட்ரலில் இருக்கும். நிறுத்த வேண்டிய தேவை ஏற்பட்டால் பின்சாரதி ஹோர்னை எத்தனை முறை அடிப்பார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை விளக்குகளைப் பற்றி ஒரு பரவலான தவறான எண்ணம் உண்டு. நான்கு விளக்குகளும் மின்ன இழுத்துச் செல்வதே பாதுகாப்பு என்று கருதப்படுகிறது. 116ஆம் விதி இதற்கு நேர்மாறானது. மோட்டார்வே அல்லது தேசிய வேக எல்லையுள்ள இரட்டை வண்டிப்பாதை ஒன்றில், முன்னாலுள்ள ஆபத்தைப் பற்றிப் பின்னால் வருவோரை எச்சரிக்க வேண்டிய தருணம் தவிர, ஓடும் காரிலோ இழுக்கப்படும் காரிலோ அவ்விளக்குகளைப் பயன்படுத்தலாகாது. பெரும்பாலான கார்களில் அவை மின்னும்போது இடம், வலம் திரும்பும் சைகையைக் காட்ட முடியாது என்பதை எண்ணினால் விதியின் நியாயம் தெரியும். அவற்றுக்குப் பதிலாகப் பின்காரின் பின்புறத்தில், இழுக்கப்படுகிறது என்பதை அறிவிக்கும் ‘ஒன் டோ’ பலகையைப் பொருத்த வேண்டும். எழுத்து ஆங்கிலத்தில், தூரத்திலிருந்தே படிக்கத்தக்க அளவில் இருக்கட்டும். இரவில் பின்காரின் சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். அதற்குப் பற்றரியில் மின் இல்லாவிடில், விடியும்வரை காத்திருப்பதா மீட்புச் சேவையை அழைப்பதா என்ற கேள்விதான் எஞ்சும்.

மோட்டார்வேயில் கயிற்றுக்கு இடமே இல்லை என்று கொள்ளுதல் வேண்டும். அங்கே 15 மைல் வேகம் தானே ஓர் ஆபத்து. ஓரத்தில் நின்று கயிறு கட்டுவது அதனினும் பெரிது. அனைவரும் இடப்பக்கக் கதவுகளால் இறங்கி, தடுப்புவேலிக்கு அப்பால், போக்குவரத்திலிருந்து விலகி நின்று, அவசரத் தொலைபேசியையோ நெஷனல் ஹைவேஸ் நிறுவனத்தின் 0300 123 5000 இலக்கத்தையோ அழைக்க வேண்டும். ஓடுபாதையிலேயே கார் நின்று, பாதுகாப்பாக இறங்க இயலாவிடில் ஆசனப்பட்டியைக் கழற்றாமல், எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். அங்கே முக்கோணம் வைப்பதற்காக நடந்து செல்லக் கூடாது.

தரிப்புத் தண்டம் பற்றிய அச்சம்

கயிற்றைத் தேடி அவசரப்பட வைப்பது பெரும்பாலும் இவ்வச்சமே. குடியிருப்போருக்கான தரிப்பிடத்திலோ மஞ்சள் கோட்டிலோ கார் நின்றுவிட்டால், கண்ணாடியில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டுவது தண்டத்தைத் தடுக்காது. தண்ட அறிவித்தல் வந்துவிட்டாலும் அதனை எதிர்த்து முறையிட வழி உண்டு. கார் அசைக்க முடியாத நிலையில் இருந்தமைக்கான சான்று அங்கே பயன்படும்: மீட்புச் சேவையின் பற்றுச்சீட்டு, கராஜின் கடிதம், நேரம் பதிவான படங்கள், அழைப்புப் பதிவுகள். அறிவித்தல் கிடைத்த 14 நாட்களுக்குள் பணம் செலுத்துவோருக்குப் பாதித்தொகை. ஆதலால் முறையீட்டையும் அதற்குள் அனுப்புவது விவேகம். முறையீடு பலிக்காது விடயம் வாகன உரிமையாளருக்கான அறிவித்தல் வரை சென்றால், அதற்கு முறைப்படி பதிலளிக்க 28 நாட்கள் உண்டு. மன்றம் அதையும் நிராகரித்தால், கட்டணமின்றி இலண்டன் தீர்ப்பாயத்தின் சுயாதீன நடுவரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

வீதிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று காரைத் தள்ளி நடைபாதையில் ஏற்றிவிடுவது தீர்வன்று. 1974ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, அடையாளமிட்டு அனுமதிக்கப்பட்ட இடங்கள் தவிர, இலண்டன் முழுவதும் நடைபாதைத் தரிப்பு தடைசெய்யப்பட்டுள்ளது. ஒரு தண்டத்துக்கு அஞ்சி இன்னொன்றை வாங்குவதாகவே அது முடியும்.

மீட்புச் சேவை இல்லையென்று எண்ணும் பலரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. கார்க் காப்புறுதியோடு சேர்த்து வாங்கப்பட்டிருக்கலாம். மாதக் கட்டணம் அறவிடும் வங்கிக் கணக்குகள் சிலவற்றோடு இணைந்து வந்திருக்கலாம். புதிய காராயின் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் அடங்கியிருக்கலாம். ஆங்கிலத்தில் உள்ள அப்பத்திரங்களை ஒருமுறை பிரித்துப் பார்த்து, தொலைபேசி இலக்கத்தைக் காரிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். அழைக்கும்போது வீதியின் பெயரோடு அஞ்சற் குறியீட்டையும், மோட்டார்வேயானால் ஓரத்திலுள்ள இலக்கக் கம்பத்தின் எண்ணையும் கூறினால் வாகனம் விரைவில் வந்து சேரும். மொழிபெயர்ப்பாளர் தேவையாயின் அழைப்பின் தொடக்கத்திலேயே ‘தமிழ்’ என்று கேட்டுப் பார்க்கலாம்.